செலவு கழித்த சித்தர்

எங்கள் தெருவில் ஒரு மாடிப்படி ஏறினால் வரி கழியும் என்று ஊரே பேசியது. பேசியதோடு நிற்கவில்லை, ஏறியும் போனது. மரச்சாமான் கடை மூடிக் காலியாகக் கிடந்த மேல்தளம் அது. கட்டில் விளம்பரம் சுவரில் அப்படியே இருக்க, அதன் கீழே ஒரு சித்தர் உட்கார்ந்துவிட்டார். வாரம் ஒருநாள் தரிசனம். அன்றைக்குப் படிக்கட்டு கொள்ளாது. பேக்கரிக்காரர், முடிதிருத்துகிறவர், செல்போன் ரிப்பேர்க்காரர், டயர் ஒட்டுகிறவர் எல்லாரும் கையில் பழுப்புக் கவரோடு முண்டியடித்து நின்றார்கள். கவருக்குள் அந்த வருஷத்துச் செலவு பில்கள்.

வாசலில் தொங்கிய போர்டு என் கைவண்ணம். நான் போர்டு எழுதிப் பிழைக்கிறவன். 'செலவுக் கழிப்பு அறை' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பலகை சின்னது, அதனால் 'செலவு' பொடியாகவும் மற்றது பெரிதாகவும் வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறியவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்திலேயே தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. வரி ஆபீஸிலிருந்து சின்னக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. தொழிலுக்காகச் செய்த செலவுகளை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. கழித்தல் என்றால் எங்கள் ஆட்களுக்கு இரண்டு தெரியும். ஒன்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கு. அதைப் பள்ளிக்கூடத்திலேயே பத்திரமாக விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இன்னொன்று, யார் கண்ணாவது பட்டுவிட்டால் மிளகாயைத் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டுக் கழிப்பது. அது மட்டும் மறக்கவே இல்லை.

செலவை எப்படிக் கழிப்பது என்று தெருவே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சித்தர் வந்து சேர்ந்தார். கழிக்கச் சொல்லி அரசாங்கமே எழுதியிருக்கிறது என்றால் செலவில் தோஷம் இருக்கிறது என்றுதானே அர்த்தம், தோஷம் இருந்தால் கழிக்கிறவன் ஒருவன் வேண்டாமா என்று கேட்டார். அடேயப்பா, என்ன ஒரு நியாயம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் நம்ப மாட்டேன் என்கிறவர்கள்கூட, வரி குறையும் என்றதும் பாத்திரத்தோடு போய் நின்றார்கள்.

அவர் முறை எளிமையானது. கடைச் செலவு பில்களை ஒரு கவரிலும் வீட்டுச் செலவு பில்களை இன்னொரு கவரிலும் போட்டு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். கவரைப் பிரிக்க மாட்டார். பிரித்தால் அவர் கண்ணும் பட்டுவிடுமாம். பில்லில் வாங்கியவர் பெயர் இருக்கவே கூடாது, பெயர் இருந்தால் தோஷம் ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்பது கண்டிப்பான உத்தரவு. அதனால் தெருவில் எல்லாரும் பெயர் எழுதாத பில்லாகக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

நூலில் கட்டிய ஒரு பித்தளைக் குண்டைக் கவருக்கு மேலே தொங்க விடுவார். குண்டு வலமாகச் சுற்றினால் நல்ல செலவு, தைரியமாகக் கணக்கில் எழுதலாம். இடமாகச் சுற்றினால் தோஷச் செலவு. அதை வரி ஆபீஸுக்குக் கொண்டுபோனால் அதிகாரியின் கண் விழும், கடை எழுந்திருக்காது. கறுப்புச் சால்வையால் மூடி முன்னால் இருக்கும் நெருப்புச் சட்டியில் போட்டுவிடுவார். குப்பென்று தீ எழும்பும். கழிந்தது என்பார் சித்தர். கழிந்தது என்று கூட்டமும் சொல்லும்.

வேடிக்கை என்னவென்றால், வாடகை, கரன்ட், சரக்கு, மெஷின் என்று கடைக்குச் செய்த செலவு எல்லாமே இடமாகச் சுற்றியது. வீட்டுக்குச் செய்த செலவு எல்லாமே வலமாகச் சுற்றியது. பேக்கரிக்காரர் வீட்டு சோபா நல்ல செலவு. அவர் அடுப்புக்கு வாங்கிய விறகு தோஷம். முடிதிருத்துகிறவர் மனைவியோடு கடற்கரை ஓட்டலில் தங்கிய செலவையும் எழுதலாமா என்று வெட்கத்தோடு கேட்டார். கடற்காற்றுக்கும் தலைமுடிக்கும் ஆதிகாலத்திலிருந்தே சம்பந்தம் உண்டு என்று சித்தர் அருளினார். மனுஷனுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. தப்பு என்று அவரவர் மனசுக்குத் தெரிந்த ஒன்றைச் சரி என்று சொல்ல ஒருத்தர் கிடைத்தால், அவர் காலில் விழ யாருக்குத்தான் கசக்கும்?

முன் வரிசையில் எப்போதும் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். நகரத்துப் பெரிய கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். சித்தருக்கு முதல் சிஷ்யர். மாதக் கடைசித் தரிசனம் முடிந்ததும் ஒரு பெரிய தோல் பையில் சாம்பலை அள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் கரைப்பது அவர் தொண்டு. ஒரு சட்டிச் சாம்பலுக்கு அத்தனை பெரிய பை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதும் ஒரு தோஷம் என்று சித்தர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

தெருக்கோடியில் ஒரு தையல்கடை. அதை வைத்திருக்கும் பெண்ணின் கணவர் லாரி ஓட்டப் போனால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். அவளோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். இந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கே யூனிபார்ம் தைக்கும் வேலை கிடைத்தது. கண்ணால் பார்த்திராத பணம் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் துணிக்காரருக்குப் போய்விட்டது. வந்ததை மட்டும் பார்த்த வரி ஆபீஸ், செலவு இருந்தால் மாத முடிவுக்குள் பில்லோடு வரவும் என்று அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பியது. பயந்துபோன தையல்காரி, துணி பில்களை அள்ளிக்கொண்டு ஓடினாள். வரி ஆபீஸுக்கு இல்லை, மாடிக்கு.

அவள் கடைப் பெயர்ப்பலகைக்கு நான் புதுசாக வண்ணம் அடித்துக்கொண்டிருந்த அன்று அவளுடைய நாத்தனார் வந்தாள். கணவரின் அக்கா. பக்கத்து ஊரில் மிளகாய் அரைக்கிற மில் வைத்திருக்கிறவள். அவள் பேச்சும் அங்கேயே அரைத்து வந்தது போலத்தான் இருக்கும். கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"துணி பில்லெல்லாம் எங்க?"

"கழிச்சாச்சு அண்ணி."

"எதுலேர்ந்து கழிச்ச?"

"நெருப்புல."

மில்லுக்காரி கடிதத்தை மடித்து வைத்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததெல்லாம் உன் பணமா? துணிக்காரனுக்குப் போச்சு, வாடகைக்குப் போச்சு, கரன்ட்டுக்குப் போச்சு, இந்த ரெண்டு பொண்ணுங்க சம்பளத்துக்குப் போச்சு. அதெல்லாம் கழிச்சு மிச்சம் நிக்குது பாரு, அதுதான் உன் வருமானம். அந்த மிச்சத்துக்குத்தான் வரி. துணிக்குப் போச்சுன்னு சொல்ல அந்தத் தாள்தான் சாட்சி. சாட்சியக் கொளுத்திட்டு வந்து நிக்கிறியே."

மறுநாளே தையல்காரியை இழுத்துக்கொண்டு வரி ஆபீஸுக்குப் போனாள். அதிகாரி அம்மாள் நல்ல மாதிரி, ஆனால் தாள் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சித்தர் நல்ல செலவு என்று சொன்ன வீட்டுக் கவர் மட்டும் தையல்காரியிடம் இருந்தது. அதில் ஒரு ஃபிரிட்ஜ் பில். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யூனிபார்ம் கெட்டுப்போகாமல் இருக்க அதற்குள் வைக்கிறீர்களா என்று கேட்டார். துணிக்காரரிடம் நகல் கேட்டுப் போனார்கள். பெயரே இல்லாத பில்லுக்கு யார் பெயரில் நகல் கொடுப்பது என்று அவரும் கையை விரித்துவிட்டார்.

துணிச் செலவு இல்லை என்று ஆனால் வந்த பணம் முழுக்க லாபம் என்று ஆகிவிடும். அந்த வரியைக் கட்ட மெஷின்களை விற்க வேண்டும். மெஷின் போனால் அந்தப் பெண்கள் இருவருக்கும் வேலை போகும். தையல்காரி தைத்துக்கொண்டிருந்த சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பலகைக்கு இரண்டாம் பூச்சு அடிக்க நான் அங்கேதான் நின்றிருந்தேன். அந்த மாடிக்குப் போர்டு எழுதின பிரஷ்ஷைத்தான் கையில் வைத்திருந்தேன்.

மில்லுக்காரி சமாதானம் சொல்லவில்லை. கேள்வி கேட்டாள். கட்டு எவ்வளவு கனம் இருந்தது என்றாள். செங்கல் அளவு என்றாள் தையல்காரி. எவ்வளவு நேரம் எரிந்தது?

"ஒரே குப்புதான் அண்ணி. சாமி கழிந்ததுன்னு சொல்றதுக்குள்ள சாம்பல்."

"செங்கல் கனத்துக்குக் கட்டின காகிதம் ஒரே குப்புல எரியுமா? எங்க மில்லுல பழைய அட்டை, தாள் எல்லாம் எரிக்கிறேனே, ஓரம் கருகி நடுவுல வெள்ளையா அப்படியே கிடக்கும். கிளறிக் கிளறிக் கை வலிக்கும். அது எரியல. எரியலன்னா எங்கயோ இருக்கு."

தையல்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். போலீஸில் சொல்லலாமே என்றேன் நான். ஆனால் ஸ்டேஷன் அதிகாரியின் மனைவி நடத்தும் அழகுநிலையத்துக் கவர் போன வாரம்தான் கழிந்திருந்தது. அந்தக் குடும்பமே பக்தியில் இருந்தது. அப்படியானால் சட்டியையே சாட்சிக்குக் கூப்பிடுவோம் என்று மில்லுக்காரி சொல்லிவிட்டுப் போனாள்.

மாதக் கடைசித் தரிசனம். மாடியில் மூச்சு விட இடமில்லை. காற்றுக்கும் கண் உண்டு என்று ஜன்னல்களை எல்லாம் சித்தர் அடைத்து வைத்திருந்தார். கணக்குப்பிள்ளை தோல் பையோடு முன் வரிசையில். மில்லுக்காரி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, குரலில் தேன் சொட்டச் சொட்டப் போய் நின்றாள். எனக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. மில் செலவு பில்கள் என்று ஒரு தடித்த கவரை நீட்டினாள். குண்டு வெறி பிடித்தது போல இடமாகச் சுற்றியது. இவ்வளவு கொடிய தோஷத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார் சித்தர். காணிக்கையும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும் என்றார். சால்வை மூடியது. தீ எழும்பியது. கழிந்தது, கழிந்தது.

"சாமி, நல்லா எரிஞ்சிடுச்சுங்களா?"

"சாம்பலும் சாம்பலாயிடுச்சு மகளே."

"இல்ல, அந்தக் கவருல பில் இல்லீங்க. காய்ஞ்ச மிளகாய்தான் அமுக்கி வெச்சிருந்தேன். எரிஞ்சிருந்தா இந்நேரம் இங்க ஒருத்தர் உட்கார்ந்திருக்க முடியாதே."

கூட்டம் சட்டியை எட்டிப் பார்த்தது. கணக்குப்பிள்ளை தும்மாமல் கொள்ளாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சித்தர் கண்ணை மூடினார். சிக்கிக்கொண்டார் என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தொழிலில் மூச்சுவிட நேரம் கொடுத்தால் போதும், ஒரு புராணமே வந்துவிடும். அவர் மெதுவாகச் சிரித்தார்.

"உங்க வீட்டுல மிளகாய் சுத்திப் போடுறப்ப நெடி வரலைன்னா என்ன சொல்லுவீங்க?"

"பயங்கரமான கண் பட்டிருக்குன்னு சொல்லுவோம்" என்றது கூட்டம், ஒரே குரலில்.

"இங்க நெடி வந்துச்சா?"

வரவில்லை. ஆகவே தோஷம் உண்மை. ஆகவே சித்தர் உண்மை. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பேக்கரிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிளகாய் எரிந்தால் மந்திரம், எரியாவிட்டால் அதைவிடப் பெரிய மந்திரம். இப்படிப்பட்ட ஆட்களிடம் தோற்க ஒருத்தர் ரொம்பவே கஷ்டப்பட வேண்டும். சாமியைச் சோதிக்க வந்தவளை வெளியே அனுப்புங்கள் என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. தையல்காரி பயத்தில் நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தாள். பில் போனதோடு பேரும் போகிறதே என்ற பயம் அது.

மில்லுக்காரி கையை உதறிக்கொண்டாள். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள்.

"இதுவும் அதே மூட்டை மிளகாய்தான். அவரு கையால போட்டா நெடி வரலை. நான் போட்டுப் பாக்கறேன். சட்டி அதேதான், நெருப்பும் அதேதான்."

யாரும் தடுப்பதற்குள் ஒரு பிடியை வெறும் நெருப்பில் கொட்டினாள்.

அப்புறம் நடந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, கண்ணைத் திறக்க முடிந்தால்தானே பார்ப்பதற்கு. முதலில் முன் வரிசை இருமியது. பிறகு மாடியே இருமியது. பக்தி, கேள்வி, தோஷம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எல்லாரும் ஒரே மதமாக இருமினார்கள். ஜன்னலைத் திற, ஜன்னலைத் திற என்று கத்தியவர்களில் சித்தரின் குரல்தான் ஓங்கி இருந்தது. காற்றின் கண்ணைப் பற்றி அவர் அப்போது கவலைப்படவில்லை. சால்வையை வீசிவிட்டு ஆசனத்திலிருந்து குதித்து ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கூட்டத்தில் கண் கலங்காமல் நின்றது மில்லுக்காரி ஒருத்திதான், நாள் முழுக்க அந்தப் புகையிலேயே பிழைக்கிற மூக்கு அவளுக்கு. அவள் நேரே போய் ஆசனத்து விரிப்பை உருவினாள்.

ஆசனம் என்று நாங்கள் கும்பிட்டது மரச்சாமான் கடையில் விற்காமல் நின்றுபோன ஒரு பெட்டிக்கட்டில். மூடியில் ஒரு கவர் நுழையும் அளவுக்குப் பிளவு. மூடியைத் தூக்கினாள். உள்ளே அந்த மாதத்தின் தோஷங்கள் அத்தனையும் ஓரம்கூடக் கருகாமல் அடுக்கி இருந்தன. பக்கத்தில், எரிப்பதற்கென்றே செய்துவைத்த வெற்றுக் கவர்களும் கற்பூரமும். மேலே கிடந்தது அவளுடைய மிளகாய்க் கவர். அதைப் பிரித்து முன் வரிசைக்கு முன்னால் உதறினாள்.

கணக்குப்பிள்ளை படியிறங்கப் பார்த்தார். டயர் ஒட்டுகிறவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி லாரிச் சக்கரத்தையே கழற்றுகிற பிடி. எதற்கு இந்தப் பில்கள் என்று கேட்டதற்கு, இருமலோடு இருமலாக உண்மை வந்தது.

"பெரிய கடைங்களுக்கு லாபம் நிறைய, காட்டறதுக்குச் செலவு பத்தல. உங்ககிட்ட செலவு இருக்கு, பேர் போடாத பில்லும் இருக்கு. நாங்க அதை அங்க வித்தோம், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். எங்கள் தெரு கொடுத்த வாடகையும் சரக்கும் யாரோ பெரிய மனிதர்களின் வருமானத்திலிருந்து ஒழுங்காகக் கழிந்துகொண்டிருந்திருக்கிறது. மந்திரம் பலித்துத்தான் இருக்கிறது, வேறு வீட்டில். இப்போது அடி விழுந்தது, சித்தரை அடிக்க முந்தியவர் பேக்கரிக்காரர்தான். ஏமாந்தவனுக்கு வருகிற கோபத்தில் பாதி தன் மேல் உள்ளது, அது ஏனோ எப்போதும் அடுத்தவன் கன்னத்தில்தான் விழுகிறது. மில்லுக்காரி அதட்டி நிறுத்தி இருவரையும் போலீஸில் ஒப்படைக்க வைத்தாள். ஸ்டேஷன் அதிகாரி தன் மனைவியின் கவரையும் அங்கே கண்டெடுத்ததால் வழக்கு சுறுசுறுப்பாகவே பதிவானது.

தையல்காரி தரையில் உட்கார்ந்து கவர்களைத் தேடினாள். அவளுக்குத் தாளை வீணாக்கும் பழக்கம் கிடையாது. ஒவ்வொரு துணி பில்லின் பின்பக்கமும் பிள்ளைகளின் தோள், கை, இடுப்பு அளவுகளைப் பென்சிலால் குறித்திருந்தாள். அந்தக் கிறுக்கல் கண்ணில் பட்டதும் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெடி எப்போதோ அடங்கிவிட்டது, ஆனால் அவள் கண்ணீர் அடங்கவில்லை. அசல் கைக்கு வந்ததும் துணிக்காரர் அதில் அவள் பெயரை எழுதி முத்திரை குத்தினார். அதிகாரி அம்மாள் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், செலவைக் கழித்தார். காகிதத்தில், பேனாவால். அந்த நிமிஷம் தீ ஒன்றும் எழும்பவில்லை. மெஷின்கள் கடையிலேயே இருந்தன, அந்தப் பெண்களும் இருந்தார்கள். ஃபிரிட்ஜ் பில்லை மட்டும் அதிகாரி திருப்பிக் கொடுத்தார்.

இதோடு தெரு திருந்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வாரம் மில்லுக்காரி எனக்குச் சொல்லி அனுப்பினாள். மில்லுக்கு வாசலில் ஒரு போர்டு வேண்டுமாம். வண்ண டப்பாக்களோடு போனேன். மில் வாசலில் ஒரே கூட்டம், எல்லாம் தெரிந்த முகங்கள். பேக்கரிக்காரர், முடிதிருத்துகிறவர், செல்போன் ரிப்பேர்க்காரர். எல்லார் கையிலும் பழுப்புக் கவர்.

"அக்கா, அந்தாளு போலி. உங்க மிளகாய்லதான் உண்மையான சக்தி இருக்கு" என்றார் முடிதிருத்துகிறவர். "இந்தக் கடற்கரை ஓட்டல் பில்ல மட்டும் கொஞ்சம் கழிச்சுக் கொடுத்துடுங்க."

மில்லுக்காரி மெஷினை நிறுத்தினாள். அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, எழுத வேண்டியதைச் சொன்னாள். சொன்னபடியே, இந்தத் தடவை எல்லா எழுத்தும் ஒரே அளவில் வருகிற மாதிரி எழுதி மாட்டிவிட்டு வந்தேன்.

'இங்கே மிளகாய் மட்டும் அரைக்கப்படும். மூளையை அவரவர் வீட்டிலேயே உபயோகிக்கவும். எவ்வளவு செலவழித்தாலும் அதற்கு வரி இல்லை.'